ஈடிபஸ் செய்தது பாவமா, தவறா?
கிரேக்க நாடகத்துக்குத் தமிழ்ச் சொல் தேடி

தொலைக்காட்சி மன்றத்தில் ஒருவருக்குக் கிடைப்பது ஏழெட்டு நிமிடம்தான். மணி அடித்துவிட்டால் பேச்சை நிறுத்திக்கொள்ள வேண்டும். அன்று நான் சொல்ல நினைத்ததில் பாதியைக்கூடச் சொல்லி முடிக்கவில்லை. விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அன்று கேள்வி நேரத்தில் ஒரு மாணவி எழுந்தார். தொடக்கக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறவர். அவர் கேட்டதை அப்படியே சொல்கிறேன்.

"சார், சோபோக்ளிஸ் எழுதிய ஈடிபஸ் நாடகத்தைப் படிக்கிறேன். என்னம்மா படிக்கிறே என்று பாட்டி கேட்டாங்க. தமிழிலேயே கதையைச் சொன்னேன். நன்றாகக் கேட்டுக்கிட்டாங்க. ஆனால் ஹமார்ட்டியா என்ற சொல் வந்தபோது எனக்குத் தமிழ் தெரியவில்லை. பாவம் என்று சொல்லிவிட்டேன். உடனே பாட்டி, 'செஞ்ச பாவத்துக்கு அனுபவிச்சான், இதிலே என்ன இருக்கு' என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிட்டாங்க. எங்கள் ஆசிரியர் சொல்வது இதற்கு நேர் எதிர். நான் எந்தச் சொல்லைச் சொல்லியிருக்க வேண்டும்?"

அரங்கில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு சொல் மாறியதில் ஒரு நாடகமே மாறிப்போயிருக்கிறது. பாட்டிமீது குற்றமில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட சொல்லிலிருந்து அவர் சரியாகத்தான் முடிவுக்கு வந்தார்.

கதை தெரியாதவர்களுக்காக நான்கு வரி. தீப்ஸ் நகரத்து அரசன் லாயஸுக்கு, உன் மகன் உன்னைக் கொல்வான் என்று தெய்வவாக்கு கிடைக்கிறது. பிறந்த குழந்தையின் கணுக்கால்களைத் துளைத்துக் கட்டி, மலையில் போட்டுவிடச் சொல்கிறான். குழந்தை பிழைத்து, கொரிந்த் நகரத்து அரண்மனையில் வளர்கிறது. வளர்ந்தவனிடம், நீ தந்தையைக் கொன்று தாயை மணப்பாய் என்று தெய்வவாக்கு சொல்கிறது. வளர்த்தவர்களையே பெற்றவர்கள் என்று நம்பிய ஈடிபஸ், அவர்களுக்குத் தீங்கு நேரக்கூடாதென்று ஊரைவிட்டு ஓடுகிறான். மூன்று சாலைகள் கூடும் இடத்தில் வழிவிடாமல் தாக்கிய ஒரு முதியவரை அடித்துக் கொல்கிறான். தீப்ஸ் நகரை வதைத்த பூதத்தின் விடுகதையை விடுவித்து, அந்த ஊருக்கு அரசனாகி, அரசியை மணக்கிறான். கொல்லப்பட்டவர் தந்தை, மணந்தவள் தாய். ஊரில் கொள்ளைநோய் வருகிறது. பழைய அரசனைக் கொன்றவனைக் கண்டுபிடித்து வெளியேற்றினால்தான் நோய் தீரும் என்கிறார்கள். கண்டுபிடிக்கிறேன் என்று சபதம் செய்து விசாரணையைத் தொடங்குகிறவன் ஈடிபஸ். யாரைத் தேடுகிறானோ அவன் தானே.

இப்போது சொல்லுங்கள், இவன் செய்தது பாவமா?

குறி தவறிய அம்பு

ஹமார்ட்டியா என்பது அரிஸ்டாட்டில் தம்முடைய கவிதையியல் நூலின் 13ஆம் அதிகாரத்தில் எடுத்தாண்ட சொல். அவர் சொல்வது இதுதான். மிக நல்லவன் கெட்டழிந்தால் நமக்கு அருவருப்புத்தான் வரும். தீயவன் கெட்டழிந்தால் இரக்கம் வராது. இரண்டுக்கும் நடுவில், நம்மைப்போன்ற ஒருவன், தீய குணத்தால் அல்லாமல் ஒரு ஹமார்ட்டியாவால் விழும்போதுதான் நெஞ்சு நடுங்குகிறது.

இந்தச் சொல்லின் வேரைப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஹோமர் காவியத்தில் வீரன் எறிந்த ஈட்டி இலக்கில் படாமல் போவதற்கு இந்தச் சொல்லின் வினை வடிவம்தான் வருகிறது. அதாவது குறி தவறுதல். எறிந்தவன் கெட்டவன் என்று அதில் பொருள் இல்லை. கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துக் குறி பார்த்தான், அம்பு வேறிடத்தில் பாய்ந்தது. அவ்வளவுதான்.

அப்படியானால் பாவம் என்ற பொருள் எங்கிருந்து வந்தது? அதற்கும் காரணம் இருக்கிறது. அரிஸ்டாட்டிலுக்குச் சில நூற்றாண்டுகள் கழித்துப் புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டபோது, இதே ஹமார்ட்டியா என்ற சொல்லை இறைவனுக்கு எதிரான குற்றம் என்ற பொருளில் கையாண்டார்கள். தமிழ் விவிலியத்தில் அதைப் பாவம் என்று மொழிபெயர்த்தார்கள். அங்கே அது சரியான சொல்தான். ஆனால் அந்தப் பொருளை எடுத்துக்கொண்டு அதற்கும் முந்தைய ஈடிபஸின் கதைக்குள் நுழைந்தால் பாட்டி போன இடத்துக்குத்தான் நாமும் போய்ச் சேருவோம். ஆங்கிலத்திலும் நெடுங்காலம் இதைக் கதாநாயகனின் குணக்குறை என்றே சொல்லிக்கொடுத்தார்கள். ஈடிபஸின் குணக்குறை என்ன என்று பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியவர்கள் உண்டு. முன்கோபம் என்பார்கள், ஆணவம் என்பார்கள். அவன் சாந்தமானவனாக இருந்திருந்தால் தாய் தாயாக இல்லாமல் போயிருப்பாளா?

நான் அந்த மாணவிக்குச் சொன்ன சொல் 'தவறு'. தமிழில் இந்தச் சொல்லுக்கு ஒரு வசதி உண்டு. தவறு என்றால் பிழை. தவறுதல் என்றால் குறி தப்புதல், கை நழுவுதல். கிரேக்கச் சொல்லில் இருக்கும் இரண்டு பொருளும் நம் சொல்லிலும் இருக்கின்றன. இதற்காகப் புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை.

பாட்டிக்கு விளக்க நம் வீட்டு உதாரணமே இருக்கிறது என்றும் சொன்னேன். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் கொடியவனா? இல்லை. ஊடிய அரசியைச் சமாதானப்படுத்தும் அவசரத்தில், பொற்கொல்லன் சொன்னதை விசாரிக்காமல் ஆணையிட்டுவிட்டான். பின்னர் கண்ணகி சிலம்பை உடைக்கிறாள். அரசியின் சிலம்பில் இருக்க வேண்டிய முத்து இல்லை, மாணிக்கப் பரல் தெறிக்கிறது. அந்த நொடியில் தான் யார், தான் செய்தது என்ன என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. அரியணையிலேயே உயிர் விடுகிறான். அவனைப் பாவி என்று சொல்லிவிட்டு நாம் எழுந்து போவதில்லை. போக முடியாமல்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

இந்தக் காட்சி இன்னும் இரண்டு கலைச்சொற்களுக்கும் இடம் கொடுக்கிறது. பெரிபெட்டியா என்றால் நிலைமை தலைகீழாகத் திரும்புவது. அனக்னோரிசிஸ் என்றால் தெரியாதிருந்தது தெரியவருவது. முன்னதைத் 'தலைகீழ்த் திருப்பம்' என்றும் பின்னதைத் 'தெரிந்துகொள்ளல்' என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே கணத்தில் நிகழ்வதே சிறந்தது என்கிறார் அரிஸ்டாட்டில். ஈடிபஸின் கவலையைப் போக்கலாம் என்று கொரிந்த் நகரத்திலிருந்து ஒரு தூதன் வருகிறான். அவன் சொன்ன செய்தியே ஈடிபஸ் யார் மகன் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அரிஸ்டாட்டில் எடுத்துக்காட்டும் காட்சி இது. மதுரை அரண்மனையில் ஒரு பரல் தெறித்ததும் அதே போன்ற கணம்தான்.

துன்பியல் என்ற பெயர்

அடுத்து, இந்த நாடக வகைக்கே நாம் வைத்திருக்கும் பெயர். துன்பியல் நாடகம், அவல நாடகம், சோக நாடகம் என்று பலவிதமாகச் சொல்கிறோம். கிரேக்கத்தில் டிரகோடியா. டிரகோஸ் என்றால் ஆட்டுக்கிடா, ஓடே என்றால் பாட்டு. ஆட்டுக்கிடாவுக்கும் நாடகத்துக்கும் என்ன தொடர்பு என்பதில் அறிஞர்களுக்குள் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. பரிசாகக் கிடா கொடுத்தார்கள் என்பார் ஒருவர், கிடாவைப் பலியிடும்போது பாடிய பாட்டு என்பார் இன்னொருவர். எப்படியானாலும் துன்பம் என்ற பொருள் அந்தப் பெயரில் கிடையாது.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. ஈஸ்கிலஸ் கி.மு. 458இல் அரங்கேற்றிய ஒரஸ்டியா என்ற மூன்று நாடகத் தொடர், கொலைக்குக் கொலை என்று போய், கடைசியில் ஒரு நீதிமன்றத்தில் சமாதானமாக முடிகிறது. யூரிப்பிடீஸின் ஹெலன், அயோன் ஆகியவற்றில் பிரிந்தவர்கள் ஒன்றுசேர்கிறார்கள். அவையும் டிரகோடியாதான். முடிவில் யாராவது செத்தால்தான் துன்பியல் என்று மாணவர்கள் எண்ணிக்கொண்டால் இவை புரியாது. அரிஸ்டாட்டில் தரும் இலக்கணத்தில் இருப்பது, சீரிய ஒரு செயலைப் போலச் செய்து காட்டுதல் என்பதே.

அப்படியானால் துன்பியல் என்ற சொல்லை விட்டுவிடலாமா? வேண்டாம் என்பது என் கருத்து. சொல் ஒன்று ஊன்றிவிட்டால் அதைப் பிடுங்குவதைவிட அதற்குள் சரியான பொருளை நிரப்புவது எளிது. சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வீவக வீடு, மின்தூக்கி, பெருவிரைவு ரயில் என்றெல்லாம் வந்தபோது முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். இன்று மின்தூக்கி பழுது என்று அறிவிப்பு ஒட்டியிருந்தால் யாரும் நின்று இலக்கணம் பார்ப்பதில்லை, படியேறிப் போகிறோம்.

நமக்கு முன்னே நடந்தவர்கள்

இந்தத் தேடலை நாம்தான் தொடங்குகிறோம் என்று நினைத்துவிட வேண்டாம். பரிதிமாற் கலைஞர் 1897இலேயே நாடகவியல் என்று செய்யுளில் ஓர் இலக்கண நூல் எழுதினார். மேற்கத்திய நாடகக் கருத்துகளையும் வடமொழி மரபையும் தமிழில் சொல்லிப் பார்த்த முயற்சி அது. 33 வயதில் காலமாகிவிட்டார். ஈழத்துச் சுவாமி விபுலாநந்தர் 1926இல் மதங்க சூளாமணி நூலை வெளியிட்டார். ஷேக்ஸ்பியரைச் செகசிற்பியார் ஆக்கியவர் அவர்தான். இன்று கேட்டால் புன்னகை வரும். ஆனால் அந்தப் பெயருக்குள் எவ்வளவு உரிமை இருக்கிறது பாருங்கள்! அரிஸ்டாட்டிலின் கவிதையியலை அ. அ. மணவாளன் தமிழில் தந்திருக்கிறார்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு கிளைக்கதை உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்ஹம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சன் என்ற கிரேக்கப் பேராசிரியர் இருந்தார். ஈஸ்கிலஸும் ஏதென்ஸும் என்ற அவருடைய நூல் 1941இல் வெளிவந்தது. கிரேக்க நாடகம் எப்படிச் சடங்கிலிருந்தும் சமூக மாற்றத்திலிருந்தும் பிறந்தது என்பதை ஆராய்ந்த நூல். அவரிடம் ஆராய்ச்சி மாணவர்களாகப் போய்ச் சேர்ந்தவர்கள் இலங்கையின் க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும். கைலாசபதி சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டு எழுதிய ஆங்கில நூல் 1968இல் வந்தது. பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றிய சிவத்தம்பியின் நூல் 1981இல் அச்சேறியது. கிரேக்க நாடகம் படித்தவரின் வகுப்பறையில் உட்கார்ந்து கூத்தையும் பாணரையும் விறலியரையும் பற்றி எழுதியிருக்கிறார்கள். கிரேக்கத்தைப் படிக்கப் போய்த் தமிழைக் கண்டெடுத்தார்கள் என்று சொல்லலாம். நமக்கு இப்போது தேவைப்படுவது அந்தப் பாதையில் எதிர்த்திசையில் ஒரு நடை. தமிழிலிருந்து புறப்பட்டுக் கிரேக்கத்துக்குப் போய்ப் பார்ப்பது.

அப்படிப் புறப்பட்டால் கையில் என்ன இருக்கிறது? தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இருக்கிறது. உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தெரிவதுதான் மெய்ப்பாடு. எட்டு வகை சொல்லப்படுகிறது. அழுகையும் அச்சமும் அவற்றில் இரண்டு. அரிஸ்டாட்டில் சொல்லும் துன்பியல் உணர்ச்சிகளும் இரண்டு. எலியோஸ், போபோஸ். இரக்கமும் அச்சமும். அச்சத்தில் சிக்கலில்லை. இரக்கமும் அழுகையும் ஒன்றா என்று கேட்டால், உரையாசிரியர் பேராசிரியர் அதற்கு வழி செய்து வைத்திருக்கிறார். தான் பட்ட துன்பத்துக்குத் தானே வருந்துவது ஒன்று, பிறர் துன்பம் கண்டு வருந்துவது மற்றொன்று என்று அவர் அழுகையை இரண்டாகப் பிரிக்கிறார். அவலம் என்றும் கருணை என்றும் இவற்றைப் பிரித்து வழங்குவதும் உண்டு என்கிறார். மேடையில் ஈடிபஸ் படுவது அவலம். இருக்கையில் அமர்ந்து நாம் படுவது கருணை. எலியோஸுக்கு இதைவிடத் துல்லியமான சொல் ஆங்கிலத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பேதி மருந்தும் கத்தார்சிஸும்

இந்த இரக்கமும் அச்சமும் என்ன செய்கின்றன? கத்தார்சிஸ் நடக்கிறது என்கிறார் அரிஸ்டாட்டில். துன்பியலுக்கு இலக்கணம் சொல்லும் 6ஆம் அதிகாரத்தில் இந்தச் சொல்லைப் போட்டார். விளக்கமே தரவில்லை. அரசியல் பற்றிய தம் நூலில் இசையைப் பேசும்போது, இதைக் கவிதையியலில் விரிவாகச் சொல்வேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். நமக்குக் கிடைத்த கவிதையியலில் அந்த விரிவு இல்லை. அன்றிலிருந்து அறிஞர்கள் அடித்துக்கொள்கிறார்கள்.

கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு இரண்டு வாழ்க்கை இருந்தது. கோயிலில் அது தீட்டுக் கழிப்பது. மருத்துவரிடம் அது வயிறு கழியச் செய்வது. 1857இல் ஜெர்மனியில் யாக்கோப் பெர்னாய்ஸ் என்பவர், அரிஸ்டாட்டில் மனத்தில் இருந்தது மருத்துவப் பொருள்தான் என்று வலியுறுத்தி எழுதினார். நம் வீடுகளில் ஒரு காலத்தில் பிள்ளைகளுக்கு விளக்கெண்ணெய் கொடுத்தார்களே, அதுதான். குடிக்கும்போது முகம் கோணும், மறுநாள் உடம்பு இலேசாகும்.

தமிழில் இதற்குத் தூய்மையாக்கம், உணர்ச்சி வெளியேற்றம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு 'கழிவு' பிடிக்கும். தீட்டும் கழியும், வயிறும் கழியும், பொழுதும் கழியும். ஆனால் கழிவு என்றதும் கழிவுநீர்க் குழாய் நினைவுக்கு வருகிறதே என்று மன்றத்தில் ஓர் அன்பர் ஆட்சேபித்தார். நியாயமான ஆட்சேபணைதான். 'உணர்வுக் கழிப்பு' என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவருக்கு முழுத் திருப்தி இல்லை. எனக்கும் இல்லை.

ஆணவம் அல்ல, மானபங்கம்

மாணவர்கள் அடுத்துப் பிழைபடுவது ஹூப்ரிஸ் என்ற சொல்லில். ஆணவம், செருக்கு, அகந்தை என்று எழுதிவிடுகிறார்கள். துன்பியல் என்றால் ஆணவக்காரன் வீழ்ச்சி என்று ஒரு சூத்திரமே உலவுகிறது. அரிஸ்டாட்டில் துன்பியலுக்குச் சொன்ன இலக்கணத்தில் ஹூப்ரிஸுக்கு இடமே இல்லை. ஏதென்ஸில் அது சட்டச் சொல். ஒருவரை இழிவுபடுத்தி, அந்த இழிவில் இன்பம் காண்பது ஹூப்ரிஸ். அதற்காக வழக்குத் தொடுக்க முடியும். மனத்துக்குள் செருக்கோடு இருந்தால் அது ஹூப்ரிஸ் ஆகாது. இன்னொருவரின் மானத்தில் கை வைக்க வேண்டும்.

துரியோதனன் சபையில் திரௌபதிக்கு நடந்தது எதுவோ அதுதான் ஹூப்ரிஸ். நம் நாளிதழ்களில் நீதிமன்றச் செய்திகளில் மானபங்கம் என்ற சொல் அடிக்கடி வருகிறது. சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டத்தில் உள்ள குற்றம் அது. ஏதென்ஸின் சட்டச் சொல்லுக்கு நம் ஊர்ச் சட்டச் சொல் இவ்வளவு அருகில் வந்து நிற்பது எனக்கு வியப்பாக இருந்தது. மானபங்கம் இங்கே பாலியல் குற்றத்துக்கு மட்டும் சுருங்கிவிட்டது, கிரேக்கச் சொல் அதைவிட அகலமானது. அந்த வேறுபாட்டைச் சொல்லிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

திரௌபதி என்றதும் இன்னொன்று. தீபாவளிக்குச் சில நாள் முன்பு சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்குத் தீமிதி பக்தர்கள் விடிய விடிய நடந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். சுமார் 4 கிலோமீட்டர். தீமிதி அந்த ஒரு நாளோடு முடிவதில்லை. அதற்கு முந்தைய வாரங்களில் பாரதக் கதைக் காட்சிகள் கோயிலில் சடங்காக நிகழ்த்தப்படுகின்றன. ஏதென்ஸில் இளவேனிலில் தியோனிசஸ் தெய்வத்துக்கு எடுத்த பெருவிழாவில்தான் துன்பியல் நாடகங்கள் அரங்கேறின. மூன்று கவிஞர்கள், ஆளுக்கு மூன்று துன்பியலும் ஒரு கேலி நாடகமும். ஊரே கூடிப் பார்த்தது. கோயில், திருவிழா, கதை, கூட்டம் எல்லாம் ஒன்றாக இருப்பது எப்படி இருக்கும் என்று ஆங்கிலப் பாடப்புத்தகம் பல பக்கம் விளக்குகிறது. நம் பிள்ளைகள் அப்பாவின் தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்தவர்கள்.

குரவை ஆடியவர்கள்

நான் அதிகம் வாதாட விரும்பும் சொல் கோரஸ். தமிழில் கோரஸ் என்றால் சினிமாப் பாட்டில் பின்னால் 'லாலா' பாடுகிறவர்கள். கிரேக்கத்தில் கோரோஸ் என்றால் ஆடுகிற குழு. முதலில் 12 பேர், சோபோக்ளிஸ் அதை 15 ஆக்கினார் என்பது மரபு. ஊர்ப் பெரியவர்களாகவோ பெண்களாகவோ வந்து ஆடிப் பாடுவார்கள். அவர்கள் ஆடிய வட்டத்துக்கு ஆர்க்கெஸ்ட்ரா என்று பெயர். இன்று அது வாத்தியக் குழுவுக்குப் போய்விட்டது. பார்க்கும் இடம் தியேட்டர். நடிகர்கள் உடை மாற்றிய கூடாரம் ஸ்கீனே, அதுதான் பிறகு ஸீன். எல்லாச் சொல்லும் வேலை மாறிவிட்டன. நடிகனைக் குறித்த ஹிப்போக்ரிட்டீஸ் என்ற சொல் தமிழ் விவிலியத்தில் மாயக்காரன் ஆகி நிற்கிறது. நடிகர்கள் மன்னிக்கட்டும்.

கோரஸுக்குப் பாடற்குழு என்று எழுதுகிறார்கள். அதில் ஆட்டம் இல்லை. தெருக்கூத்தின் கட்டியங்காரனைச் சொல்கிறார்கள். அவன் தனி ஆள், கிண்டல்காரன். சிலப்பதிகாரத்தில் இதற்கு நேரான ஒன்று இருக்கிறது. ஆய்ச்சியர் குரவை. மாதரி வீட்டில் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, எருதின் கண்ணில் நீர். ஏதோ கேடு வருகிறது என்று அஞ்சி, அதைத் தடுக்க ஏழு பெண்கள் கைகோத்து மாயவனைப் பாடி ஆடுகிறார்கள். ஆனால் இளங்கோ எந்த இடத்தில் இதை வைத்தார்? கொலைக்களக் காதைக்கு அடுத்து. கோவலன் வெட்டுப்பட்டு விழுந்துவிட்டான். நமக்குத் தெரியும். ஆடுகிறவர்களுக்குத் தெரியாது. கண்ணகிக்கும் தெரியாது.

சோபோக்ளிஸின் ஆன்டிகனி நாடகத்தை எடுத்துப் பாருங்கள். எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் கோரஸ் தியோனிசஸைக் கூவி அழைத்துப் பாடுகிறது. பாட்டு முடிந்ததும் தூதன் வந்து சாவுச் செய்தி சொல்கிறான். ஒருவரை ஒருவர் படித்திராத இரண்டு மொழிக் கவிஞர்கள் ஒரே இடத்தில் ஆட்டத்தை வைத்திருக்கிறார்கள். ஆகவே கோரஸுக்குக் 'குரவையர்' என்று சொல்லுங்கள் என்பது என் விண்ணப்பம். பழைய சொல், யாருக்குப் புரியும் என்று கேட்கலாம். கோரஸ் மட்டும் யாருக்குச் சரியாகப் புரிந்திருக்கிறது?

2017இல் இங்கே சிங்கப்பூர் அனைத்துலகக் கலை விழாவில் யூரிப்பிடீஸின் டிராய் நகரப் பெண்கள் நாடகம் கொரிய மொழியில் நடந்தது. இயக்கியவர் நம் ஊர் ஓங் கெங் சென், நடித்தது கொரியாவின் தேசிய இசை நாடகக் குழு. பான்சோரி என்ற தங்கள் பழைய பாட்டு முறையிலேயே அதை அமைத்திருந்தார்கள். கிரேக்கக் கோரஸ் எப்படி இருந்ததோ அப்படியே செய்யவேண்டும் என்று அவர்கள் கவலைப்படவில்லை. தங்களிடம் இருந்த குரலைக் கொடுத்தார்கள்.

தெய்வத்தை மேடைக்கு இறக்கிய மெக்கானே என்ற பொறியைப் பற்றி இரண்டு வார்த்தை. அது மரத்தாலான பாரந்தூக்கி. மெடியா தன் பிள்ளைகளைக் கொன்றபின் பறக்கும் தேரில் தப்பிப்பது இதில் தொங்கியபடிதான். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூடும் நம் கட்டுமானத் தொழிலாளர்களில் யாரிடமாவது இதைச் சொன்னால், எத்தனை டன் தூக்கும் என்று கேட்பார். அதற்குப் பாடப்புத்தகத்தில் பதில் இல்லை.

கடைசியாக விதி. கிரேக்கத்தில் மொய்ரா. அதன் நேர்ப்பொருள் பங்கு, அவரவருக்கு அளந்து வைத்த பகுதி. இதற்கு வினை, கருமம் என்று போட்டால் மறுபடியும் பாட்டியின் முடிவுக்கே வருவோம். கோவலன் முற்பிறப்பில் சங்கமன் என்ற வணிகனைக் கொல்லச் செய்தான், அதனால் இந்தப் பிறப்பில் இப்படி என்று சிலப்பதிகாரம் கணக்குக் காட்டுகிறது. ஈடிபஸுக்கு அப்படி முற்பிறப்பு இல்லை. கணக்கு நேராவதில்லை. அதுதான் அந்த நாடகத்தின் பயங்கரம். ஊழ் என்று சொல்லலாம். அதைவிட நெருக்கமாக ஒரு சொல் தொல்காப்பியத்தில் இருக்கிறது. 'பால்'. பால் என்றால் பகுதி. பால் என்றால் விதி. மொய்ராவும் அப்படியே. ஆனால் இன்று பால் என்றால் காப்பிக்கடை ஞாபகம்தான் வரும் என்பதால் ஊழோடு நிறுத்திக்கொள்கிறேன்.

விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் தமிழ் நூல்களுக்குத் தனி இடம் இருக்கிறது. அதே கட்டடத்தில் நாடக நிலையமும் இருக்கிறது. புத்தகத்திலிருந்து மேடைக்கு மின்தூக்கியில் சில நொடிதான். வீட்டில் சாப்பாட்டுக்கும் கோயிலில் வணக்கத்துக்கும் தமிழ், யோசிப்பதற்கு ஆங்கிலம் என்று நம் பிள்ளைகள் பிரித்துவைத்துக்கொள்வது அவர்கள் குற்றம் அல்ல. யோசிக்கத் தேவையான சொற்களை நாம் எடுத்துக் கொடுக்கவில்லை.

மன்றம் ஒளிபரப்பான பிறகு அந்த மாணவியைத் தேக்காச் சந்தையில் தற்செயலாகப் பார்த்தேன். கையில் கறிவேப்பிலையும் மீனும். பாட்டியிடம் மறுபடியும் கதை சொன்னாயா என்று கேட்டேன். சொன்னாராம். பாவம் என்ற சொல்லை எடுத்துவிட்டு, "தெரியாம குறி தவறிடுச்சு பாட்டி, அவன் தப்பிக்க ஓடின வழியே அவனை அங்கே கொண்டு போய்விட்டுடுச்சு" என்று சொல்லியிருக்கிறார். பாட்டி இந்த முறை அடுப்படிக்குப் போகவில்லையாம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பொண்ணுங்க ரெண்டு பேரும் என்ன ஆனாங்க? யாரு பாத்துக்கிட்டா?" என்று கேட்டிருக்கிறார்.

நாடகத்தின் கடைசிக் காட்சியில் கண்ணிழந்த ஈடிபஸ் தன் மைத்துனனிடம் கேட்பதும் அந்தப் பெண்களைப் பற்றித்தான். மூத்தவள் பெயர் ஆன்டிகனி. அடுத்த வாரம் பாட்டிக்கு அந்தக் கதையாம்.